மூன்றாம் தூணில் கட்டிய கயிறு

டென்மார்க்கின் ஓல்போர்க் துறைமுகத்தின் மூன்றாம் தூணில் கட்டியிருக்கும் கயிற்றின் மறுமுனை மன்னாரில் இருக்கிறது. எழுநூறு வருடங்களுக்கு முன் அதைக் கொண்டுவந்தவர் மன்னார்க் கரையின் மாதோட்டத்து வணிகர் தேவன் சாத்தன். முத்துக் குளித்து முதல் சேர்த்த மனிதர். கடலில் மிதக்கும் மஞ்சள் கல் எங்கிருந்து வருகிறதென்று பார்க்கப் புறப்பட்டபோது, குளிக்கிறவர்களின் வழக்கப்படி இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மனைவியின் தம்பியிடம் கொடுத்தார். அக்காவை விதவையாக்க மாட்டான் என்று நம்பி, அந்த வேலையை மைத்துனனுக்கே கொடுப்பார்கள். பதினொரு வருடம் அவன் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தான். சாத்தன் நாற்பது துறைமுகம் கண்டு, டென்மார்க் கரையில் மஞ்சள் கல்லைப் பொறுக்கி, வந்த வழியை எழுதிவைத்துவிட்டு, கயிற்றை இரண்டு தரம் சுண்டினார். சுண்டினால் தூக்க வேண்டும். தூக்க ஆளில்லை, மைத்துனன் முந்திய மாரியில், முனையை நங்கூரக் கல்லில் கட்டிவிட்டுக் காலமாகியிருந்தான். சாத்தன் ஒரு நாள் அழுதார். பிறகு, பின்னால் வருகிறவர்களுக்கு உதவும் என்று தன் முனையைத் தூணில் கட்டிவிட்டு, மீன் வியாபாரம் செய்து எண்பது வயதில் செத்தார்.

1988இல் அந்தக் கயிற்றைக் கண்டவர் அகதியாக வந்து மீன் தொழிற்சாலையில் வேலை செய்த அந்தோனிதாசன். மன்னார்க்காரருக்கு அந்த முடிச்சு தெரியாமல் போகுமா? அவருடைய மனைவி விக்ரோரியாவும், அவர் கண்ணால் காணாத மூன்று வயது மகள் ஸ்ரெபானியும் அங்கே துவக்கு வெடிச் சத்தத்துக்குள் இருந்தார்கள். சட்டப்படி டென்மார்க்குக்கு அவரிடம் வரவேண்டியவர்கள்தான். ஆனால் முந்திய வருடம் டென்மார்க் நீதி அமைச்சர் வாயால் சொன்ன சொல்லோடு தமிழர்களின் குடும்பக் கோப்புகள் எல்லாம் அலமாரியில் படுத்துவிட்டன. அந்தோனிதாசன் கயிற்றைப் பற்றி மனைவிக்குக் கடிதம் போட்டார். விக்ரோரியா நங்கூரக் கல்லைத் தேடிப் பிடித்து, ஞாயிறுதோறும் கயிற்றை இடுப்பில் கட்டி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று சுண்டினாள். எட்டு ஞாயிறு அவர் இழுத்தார். கை தோலுரிந்ததுதான் மிச்சம். ஒன்பதாம் ஞாயிறு தூணைக் கட்டிப்பிடித்து அழுதவரிடம், கூட வேலை செய்த மட்டக்களப்பு பரமானந்தம் கேட்டான்.

“கயிறு புடிக்கிறது புருஷன்ட வேல இல்ல எண்டு நீங்கதானே அண்ணன் சொன்னீங்க? அவட அண்ணன் தம்பி எங்க?”

“அவள் தனிப் பிள்ளையடா. கூடப்பிறந்த ஒருத்தரும் இல்லை.”

“அப்ப நான் இருக்கன்.”

சொன்னால் மட்டும் போதாது என்று அவனுக்கும் தெரிந்திருந்தது. ‘அன்புத் தங்கச்சிக்கு’ என்று தொடங்கிக் கடிதம் எழுதி, சேலை ஒன்றும், தாய்மாமன் முறைக்கு மருமகளுக்கு ஒரு சோடித் தோடும் அனுப்பினான். சேலை போய்ச்சேர இரண்டு மாதம் ஆனது. அதை உடுத்துக்கொண்டு, ஞாயிறுப் பூசை முடிந்து வந்து, விக்ரோரியா இரண்டு தரம் சுண்டினாள். பரமானந்தம் ஒற்றைக் கையால் இழுத்தான். அரைமணி நேரத்தில் துறைமுகப் படிக்கட்டில் ஏறி வந்தாள். இடுப்பில் பிள்ளை, சேலைக் கரைகூட நனையவில்லை. அந்தோனிதாசன் வாய்விட்டுக் கத்தினார், சந்தோஷம் அப்படி. தோடு போட்ட ஸ்ரெபானியோ முதலில் பரமானந்தத்திடம் போய், “மாமா” என்றாள்.

பொலிஸ்காரர் படிவத்தோடு வந்தார். விமானம், கப்பல், ரயில் என்று கட்டங்கள் இருந்தன. அவர் ‘வேறு’ என்பதில் புள்ளடி போட்டு, பிள்ளைக்கு ஒரு போர்வை கொடுத்துவிட்டுப் போனார். கயிற்றின் முனை அன்றைக்கே தானாக மாதோட்டம் திரும்பியது.

அடுத்த சேலையை அந்தோனிதாசன் அனுப்பினார், பரமானந்தத்தின் மனைவி தங்கராணிக்கு. ஹ்விடோவ்ரே, கிரின்ஸ்டெட் என்று மற்ற டேனிஷ் ஊர்களிலிருந்தும் தமிழ் ஆண்கள் காரில் வந்து ஒருவர் மனைவிக்கு மற்றவர் சகோதரன் ஆனார்கள். கிறிஸ்தவ வேதக்காரருக்குச் சைவத் தங்கச்சிகள், சைவக்காரருக்கு வேதத் தங்கச்சிகள். சேலை போதாமல் லண்டனிலிருந்து வரவழைத்தார்கள். நாற்பத்தொரு பெண்கள் படியேறினார்கள்.

1993 தையில் அந்த வாய்ச்சொல்லுக்காக அரசே கவிழ்ந்தது. கோப்புகள் எழுந்தன, மிச்சப்பேர் விமானத்தில் வந்தார்கள். துறைமுகத் தூண்களுக்கு வருடாவருடம் வர்ணம் பூசுகிறவர் மூன்றாம் தூணில் கயிற்றைத் தொடாமல் பூசுகிறார். இன்னும் எப்போதாவது அது இரண்டு தரம் துடிக்கும். ஸ்ரெபானி டேனிஷில் கத்தித் தகப்பனைக் கூப்பிடுவாள். அந்தோனிதாசன் கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிக் கேட்பார்:

“ஒரு தங்கச்சி வாறாள். இந்த முறை ஆர் தமையன்?”

இருக்கிற ஆண்கள் எல்லோரும் கையைத் தூக்குவார்கள்.