ஒன்பது மணிக்கு விழிக்கும் பெட்டி

விஞ்ஞானி என்ற பட்டம் அவனுக்குச் சும்மா கிடைத்ததல்ல. ஏழாம் வகுப்பில் வீட்டு மிக்சியைக் கழற்றி மறுபடி மாட்டியபோது நான்கு திருகாணிகள் மீந்தன. "பாத்தியா, இது இல்லாமயே மாட்டிட்டேன்" என்று அம்மாவிடம் பெருமையாக நீட்டினான். மிக்சி அதன் பிறகு வாய் திறக்கவில்லை. அக்கா அன்று சூட்டிய பெயர், கல்லூரி மூன்றாம் ஆண்டு முடிந்த விடுமுறையில் பகல் பதினொரு மணிவரை தூங்கும் இந்நாள்வரை அவனோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்த விடுமுறைக்கு அவன் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, ஹால் டிவி. கூட்டாளிகள் வீட்டிலெல்லாம் கண்ணைக் கட்டும் விலையில் கேம் பெட்டி இருந்தது.

"அதெல்லாம் ஏமாளிங்க வாங்குறது. ஆபீஸ்ல கழிச்சுப்போட்ட மினி கம்ப்யூட்டர் ஒண்ணு போதும். டிவி முதுகுல ஒட்டிட்டா அதே வேலைய செய்யும்" என்றான்.

"கழிச்சுப்போட்டது எதுக்குடா உனக்கு?" என்றாள் அக்கா. வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்ப்பவள். மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே மானத்தை வாங்குவாள். "ஓ, இனம் இனத்தோட சேருதா?"

பழைய சாமான் கடையில் அவன் தேர்ந்தெடுத்த பெட்டி, டிபன் டப்பா அளவில் கறுப்பாக இருந்தது. அடியில் ஒரு மங்கிய ஸ்டிக்கர். அதில் 4 என்று மட்டும் தெரிந்தது. நாலாவது தலைமுறை என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். கடைக்காரர் மறுக்கவில்லை. விற்க வேண்டிய பொருளைப் பற்றி வாங்குபவனே பொய் சொல்லும்போது எந்தக் கடைக்காரர்தான் மறுப்பார்?

அம்மா ஒரே நிபந்தனையில் ஹால் டிவியை விட்டுக்கொடுத்தாள். "என் ஒன்பது மணிக்கு மட்டும் குறுக்க வரக்கூடாது. ஒரே ஒரு நாள் வந்துச்சு, அன்னிக்கே அது வெளிய போகும்."

அம்மாவின் ஒன்பது மணி என்பது உடற்பயிற்சி. மூட்டுவலி போன பிறகு அவளே அந்தக் கட்டடத்துப் பெண்களுக்குத் தலைவியாகிவிட்டாள். தினமும் நான்கு பேர் ஹாலில் பாய் விரித்து, டிவியில் ஓடும் வீடியோவைப் பார்த்துக் கைகால் வீசுவார்கள். அப்பா எட்டு மணிக்கே இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுவதால் அந்த வீச்சுகளிலிருந்து தப்பியிருந்தார்.

அக்காவைப் பிடிக்கச் சொல்லி, பெட்டியை டிவியின் முதுகில் திருகாணி போட்டு மாட்டினான். ஒரு ஒயர்கூட வெளியே தெரியவில்லை. அக்காவின் இணையப் பெட்டியும் டிவியும் இதுவும் ஒரே சுவிட்சில்; அதை அணைத்தால் அக்காவின் கம்பெனி வேலையும் நின்றுவிடும். போட்டால் எடுத்த எடுப்பிலேயே விளையாட்டு திறக்கும்படி வைத்தான்.

விளையாட்டு திறந்தது. நகரத்தான் மறுத்தது. அழிந்துபோன உலகம் ஒன்றில் கோடரிக்காரன் ஒருவனிடமிருந்து தப்புவதுதான் கதை. வேகம் வருவதற்காக நிழலை அணைத்தான். புல்லை அணைத்தான். மழை, மேகம், தூரத்து மலை எல்லாவற்றையும் அணைத்தான். கடைசியில் கோடரிக்காரனின் மூக்கும் போயிற்று. கதைப்படி அது அழிந்த உலகம்தான். ஆனால் இந்த அளவுக்கு அழியச் சொல்லவில்லை. ஓடியது. அது போதும்.

மூன்றாம் நாள் காலை, ஒன்பது அடித்ததும் பெட்டி தானாக விழித்தது. டிவியும் புது ஆள் வந்த மரியாதைக்கு அந்தப் பக்கம் தாவியது. நல்ல வேளையாக அன்று பாய் விரிக்கத் தாமதம். ஹாலில் அவன் மட்டுமே, அதுவும் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவன். பாய்ந்து போய் டிவிக்குப் பின்னால் கைவிட்டு அணைத்தான். ஆராய்ந்ததில் விஷயம் புரிந்தது. பழைய அலுவலகத்தில் எவனோ இதற்கு வேலை நேரம் குறித்து வைத்திருக்கிறான். அதை மாற்றப் போனால் பாஸ்வேர்டு கேட்டது. இணையத்தில் சொன்ன முப்பது பாஸ்வேர்டையும் போட்டுப் பார்த்தான். விளையாட்டு தானாகத் திறப்பதை நிறுத்தினால் டிவி வெறும் நீலத் திரைக்குத் தாவியது. இரவு முழுக்க ஓடவிட்டால் உள்ளிருக்கும் விசிறி, "எவன்டா அது ஹால்ல ஹெலிகாப்டர் விடுறது?" என்று அப்பாவை எழுப்பியது. பழையபடியே வைத்தான். ஞாயிறன்று மட்டும் பெட்டி எழவில்லை. வாராந்திர விடுமுறையாம். அந்த வீட்டில் ஒழுங்காக வேலைக்குப் போகும் மூன்றாவது ஆள் அதுதான். அவன் இன்னும் பட்டியலில் இல்லை.

வேறு வழியில்லை. தினமும் எட்டே முக்காலுக்கு எழுந்து, டிவி ஓரமாக நின்று, ஒரு கையைப் பின்னால் விட்டு, பெட்டி கண் விழித்த நொடியில் கழுத்தை நெரித்தான். பாய் விரித்த பெண்களுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது.

"தம்பியும் சேர்ந்துட்டானா? நல்ல விஷயம்" என்றார் பக்கத்து வீட்டு அத்தை.

இல்லை என்று சொன்னால் ஏன் நிற்கிறாய் என்று வரும். எனவே மிச்சமிருந்த ஒரு கையைத் தூக்கி, இறக்கி, சுழற்றினான். இருபது நாள். வலது தோள் மட்டும் மல்யுத்தக்காரனுடையது போல் ஆகிவிட்டதாக அவனுக்கே ஒரு நம்பிக்கை. அம்மாவோ உருகிப்போனாள். "எந்தச் சாமி கண்ணத் தொறந்துச்சோ தெரியல, புள்ள திருந்திட்டான்" என்று போனில் சித்தியிடம் சொன்னது அவன் காதிலும் விழுந்தது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது, கொஞ்சம்தான்.

இருபத்தோராம் நாள், முந்தைய ராத்திரி கோடரிக்காரனோடு மல்லுக்கட்டிய களைப்பில் தூங்கிவிட்டான்.

ஹாலில் நான்கு பெண்களும் கையை மேலே தூக்கி நின்ற தருணத்தில் டிவி தாவியது. மூக்கில்லாத ஒருவன் கோடரியை ஓங்கி உறுமினான். மூன்று பேர் அலறினார்கள். பக்கத்து வீட்டு அத்தை மட்டும், வீடியோவில் அடுத்த பயிற்சி வந்துவிட்டது என்று நினைத்து, அவனைப் போலவே இரண்டு கையையும் ஓங்கி, உறுமியபடி இறக்கினார். முன்னால் அலறிக் குனிந்த அம்மாவின் முதுகில்.

அவன் ஓடி வந்தபோது அம்மா நிமிர முயன்றுகொண்டிருந்தாள்.

"இன்னிக்கு சாயங்காலம்" என்றாள். அவ்வளவுதான். அம்மா நீளமாகத் திட்டினால் பயமில்லை. இரண்டே வார்த்தையில் நிறுத்தினால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று பொருள்.

மாலை அப்பா வந்ததும் இருவருமாக டிவியை இறக்கினார்கள். விஞ்ஞானி தன் ஆராய்ச்சியைத் திருகாணி திருகாணியாகக் கழற்றினான். இந்த முறை எதுவும் மிஞ்சவில்லை. பெட்டியைக் கையில் வாங்கிய அப்பா அதைப் புரட்டினார். ஸ்டிக்கரைப் பார்த்தார். மூலையிலிருந்த கீறலைக் கட்டை விரலால் தடவினார். முகம் மாறிப்போயிற்று.

"இவனா?"

"யாருப்பா?"

"கவுண்டர் நாலு. என் கவுண்டர்டா. இந்தக் கீறல் ஸ்டேப்ளரால நான் போட்டது. ஒரு ரசீது அடிக்கச் சொன்னா ஒரு டீ குடிச்சுட்டு வர்ற நேரம் யோசிப்பான். எட்டு வருஷம் என் உயிரை எடுத்தான். போன மாசம்தான் தொலைஞ்சான்னு எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தேன்."

அக்கா மடிக்கணினியை மூடிவிட்டாள். இப்படிப்பட்ட காட்சிக்கு முழு கவனம் வேண்டும். "அப்போ நாலாவது தலைமுறை இல்லையா, விஞ்ஞானி?"

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. அவனுக்கு ஒரே ஒரு வெளிச்சம் தெரிந்தது. "அப்பா, பாஸ்வேர்டு தெரியுமா?"

"ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும். மேல மாடில இருந்து இறங்கி வர சிஸ்டம்காரனுக்குச் சோம்பல். எங்க எல்லாருக்கும் குடுத்துட்டான்."

முப்பது பாஸ்வேர்டில் அதை மட்டும் அவன் போட்டுப் பார்க்கவில்லை. அவ்வளவு மட்டமாக யாரும் வைக்க மாட்டார்கள் என்ற படிப்பு.

"அப்பா, அந்த ஒன்பது மணிய மட்டும் எடுத்துடுங்கப்பா. அம்மா பக்கமே வராது. ப்ளீஸ்ப்பா. லீவு முழுக்க வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முதுகில் தைலம் தேய்த்தபடி யோசித்தாள். "இரு. இத்தனை நாளா நீ ஒன்பதுக்கு முன்னாடி எந்திரிச்சது என்கூட எக்சர்சைஸ் பண்ண இல்லையா? இதை அமுக்கவா?"

அவன் தலை குனிந்தான். சித்திக்குப் போன செய்தி திரும்பிப் போகும் வழியைக் கற்பனை செய்துகொண்டான்.

"அப்ப நான் சொல்லி நடக்காத காரியம் இந்த டப்பா சொல்லி நடந்திருக்கு" என்றாள் அம்மா. கோபமா, வியப்பா என்று பிடிபடாத குரல். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "என்னங்க, அந்த நேரத்தை மாத்த முடியுமா?"

"தாராளமா."

டிவியைத் தரையில் சாய்த்து வைத்து, பெட்டியை இணைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார் அப்பா. பூட்டு திறந்தது. விஞ்ஞானி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அப்பா ஒன்பதை அழித்தார். ஆறு என்று போட்டார். பிறகு, ஏதோ மறந்துவிட்டவர் போல, ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்தார். சேமித்தார். பழைய பாஸ்வேர்டை எடுத்துவிட்டு, கையால் மறைத்தபடி புதிதாக ஒன்று போட்டார்.

"பொட்டி இருக்கட்டும்" என்றாள் அம்மா. "ஆறு மணிக்கு எந்திரிச்சு அணைக்க நீதான் வரணும். ஒரு நாள் வரல, அது வெளிய போகும்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு உறுமல் கேட்டது. போர்வையோடு தள்ளாடி ஹாலுக்கு வந்தான். அப்பா குளித்து, சட்டை மாட்டி, தேநீரோடு டிவி முன்னால் உட்கார்ந்து மூக்கில்லாதவனை ரசித்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"கவுண்டர் நாலு வந்தாச்சு. நீ ரெண்டு நிமிஷம் லேட்டு."