நட்சத்திரத்துக்கு எத்தனை கட்டு வைக்கோல்

திருக்கனூர் கடைத்தெருவில் மண்ணெண்ணெய் விற்கும் காஜா மொய்தீனுக்கு ஆறு மாதமாக வயிற்றெரிச்சல். பம்பு ஸ்டவ் ஏன் சீறுகிறது, கிரகணம் எப்படிப் பிடிக்கிறது என்று முன்பெல்லாம் எந்தச் சந்தேகம் வந்தாலும் கரும்பு விவசாயி நாகராஜன் அவர் கடைக்குத்தான் வருவான். 1978இல் பெண்கள் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியையாக விஜயகுமாரி வந்தார். அதிலிருந்து நாகராஜன் வாயைத் திறந்தால், "டீச்சர் சொன்னாங்க" என்பதுதான்.

பள்ளிக் கண்காட்சியில், 'நட்சத்திரத்துக்குப் போக முடியுமா?' என்ற அட்டையருகே விஜயகுமாரி நின்றிருந்தார். முன்வரிசையில் நாகராஜன். இங்கேயே டீச்சரை மடக்கிவிட்டால் அவன் மறுபடி கடைக்கு வந்துவிடுவான் என்று காஜா மொய்தீன் கணக்குப் போட்டார்.

"முடியாது டீச்சர். இவன் ஆலைக்குக் கரும்பு ஏத்திக்கினு போறான். அங்க ரெண்டு நாள் வரிசையில நிக்கணும்னு மாட்டுக்கு வைக்கோலும் ஏத்தறான். வைக்கோல் ஏற ஏற கரும்பு குறையுது. நட்சத்திரம் எம்மாந் தூரம்? அத்தினி தூரத்துக்கும் வைக்கோல் ஏத்தினா வண்டி நகருமா?"

கூட்டம் சிரித்தது. நாகராஜன் திரும்பிப் பார்த்தான். காஜா மொய்தீனுக்கு உள்ளே குளிர்ந்தது.

"தூரத்துக்கு வைக்கோல் வேணாம் பாய்," என்றார் விஜயகுமாரி. "அங்க சேறு இல்ல, காத்து இல்ல. ஒரு வாட்டி தள்ளிவுட்டா போய்க்கினே இருக்கும்."

மாடு நின்றால் வண்டியும் நிற்கும் ஊரில் யாரும் செய்கிற பிழைதான். ஆனாலும் அதை நாகராஜன் எதிரில் செய்திருக்க வேண்டாம் என்று காஜா மொய்தீனுக்குப் பட்டது.

"அப்போ போயிடலாம்னு சொல்லுங்க," என்றான் நாகராஜன்.

"போன வருஷம் அமெரிக்காவுல ரெண்டு விண்கலம் வுட்டாங்களே, அந்த வேகத்துல போனா பக்கத்து நட்சத்திரத்துக்கே எழுபதாயிரம் வருஷம் ஆவும். ஒரு ஆயுசுக்குள்ள போவணும்னா வேகம் வேணும். வைக்கோலைத் திங்கறது தூரமில்ல, வேகம். எரிபொருள் ஏத்தினா, அதைத் தள்ள இன்னும் எரிபொருள். அதையும் தள்ள இன்னும். அங்கதான் பாய் சொன்னது சரி."

"உனக்குப் பாதி மார்க்கு பாய்," என்றான் நாகராஜன்.

காஜா மொய்தீன் காதில் அது விழவில்லை. "நிறுத்தறதுக்கு? அங்க சேறுகூட கெடையாதே."

விஜயகுமாரி நாகராஜனை விட்டு அவர் பக்கம் திரும்பினார். "நிறுத்தவும் எரிபொருள்தான். அதையும் இங்கேர்ந்தே சுமக்கணும். அதனாலதான் எரிபொருளே ஏத்தாம, வெளிச்சத்தாலேயே தள்ளலாமான்னு யோசிக்கறாங்க."

"வெளிச்சம் தள்ளுமா?" நாகராஜன் முந்திக்கொண்டான்.

காஜா மொய்தீன் அவன் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு, அவன் இடத்தில் போய் நின்றார்.

"உன் கேள்வியெல்லாம் நாளைக்குக் கடையில வந்து கேளுடா. நீங்க எனக்குச் சொல்லுங்க டீச்சர்."