தானே ஏறிய சூடு

மெக்னீசியம் கலவைக் கட்டிகள் மறுபடியும் வெடித்திருந்தன. தட்டு நிறைய, விளிம்பெல்லாம் கீறல். பிரஸ் பக்கத்தில் என் தம்பியை நிற்க வைத்து மேனேஜர் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், கணினி முன்னால், நான் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

உலையில் சுட்ட கட்டியை அச்சில் வைத்து அழுத்தும் அந்தப் பிரஸ்ஸை ஓட்டுகிறவன் தம்பி. எவ்வளவு சூட்டில், எவ்வளவு வேகத்தில் அழுத்த வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்பவள் நான். சோதனையில் வேகமாக அழுத்திய துண்டுகள் எதிர்பார்த்ததைவிட நன்றாக இளகின. ஆகா, வேகமாகவே அழுத்தலாம் என்று துள்ளிக் குதித்து அப்படியே சொல்லிவிட்டேன். வேகமாக நசுக்கினால் உலோகம் தனக்குள்ளேயே சூடேறும், இளகியது அதனால்தான். நானோ உலையின் சூடுதான் துண்டின் சூடு என்று கணக்கை முடித்துவிட்டேன். ஏற்கெனவே உலையில் காய்ந்து வந்திருக்கும் கட்டி, இந்த உபரிச் சூட்டில் உள்ளுக்குள் அங்கங்கே உருகி, வெடித்துவிடுகிறது. காலையிலேயே இது எனக்கு உறைத்துவிட்டது. உறைத்த பிறகும் போய் நிதானமாக டீ குடித்துவிட்டு வந்தேன் பாருங்கள், என்னை எதால் அடிப்பது?

"உலையில கொஞ்சம் அதிக நேரம் விட்டிருப்பேன் சார்," என்று தம்பி சொல்வது கேட்டது. "எங்கக்கா கணக்கு தப்பாது. தப்பு என்னோடதாத்தான் இருக்கும்."

"அப்போ நாளையிலேர்ந்து வராதே."

எழுந்து ஓடினேன். "சார், அவன் மேல தப்பில்ல. நான் சொன்ன வேகம்தான் தப்பு."

மேனேஜர் சிரித்தார். "தம்பிப் பாசம் இருக்க வேண்டியதுதான் மேடம். அதுக்காக இப்படியா?"

"நீ சும்மா இரு அக்கா," என்றான் தம்பி. "எனக்காக உன் பேரைக் கெடுத்துக்காதே."

யாரும் நம்பவில்லை. ஒரு கணம், ஒரே கணம், எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்லியாகிவிட்டது, நம்பாவிட்டால் நான் என்ன செய்வது என்று. அப்புறம் என் மேலேயே எனக்கு அருவருப்பாகிவிட்டது.

"ஒரே ஒரு கட்டி போடச் சொல்லுங்க சார். அதே சூடு. மெதுவா அழுத்தட்டும்."

மேனேஜர் வேண்டா வெறுப்பாகத் தலையாட்டினார். தம்பி கட்டியைச் சுட வைத்து அச்சில் வைத்தான். பிரஸ் மெதுவாக இறங்கி, ஏறியது. கட்டி கீறலில்லாமல் வழவழவென்று முழுசாக வந்தது.

மேனேஜர் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தம்பி பார்க்கவில்லை. இடுக்கியில் அதைத் திருப்பித் திருப்பி, ஒரு கீறலாவது கிடைக்காதா என்று நாலு பக்கமும் தேடிக்கொண்டிருந்தான்.

"இது எப்படியோ தப்பிச்சிடுச்சுக்கா," என்றான். "இன்னொன்னு போட்டுப் பாக்கட்டுமா?"