உயிர் இருக்கா?

செம்பூர் ஆய்வகத்தில் பூநாரையின் மரபணுத் தொகுதியை முழுசாகப் படித்தெடுக்கும் வேலை பானுமதியுடையது. அதற்கு உயிருள்ள பறவையின் ரத்தம் வேண்டும். நல்ல பறவையைப் பிடிக்க அனுமதி கிடைக்கவில்லை. ஏதாவது ஒன்று அடிபட்டு விழட்டும் என்று காத்துக் கிடக்க வேண்டியதுதான். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அவளுக்கே எரிச்சலாக வரும்.

மாஹுல் கழியோரம் விழும் பறவைகளைத் தூக்கி வருபவர் தாராவி ஆட்டோக்காரர் பேச்சிராஜா. அவர் போன் செய்தால் அவள் முதலில் கேட்பது, "உயிர் இருக்கா?"

"ஒங்கள மாதிரி எரக்கம் யாருக்கு மேடம் வரும்?" என்பார்.

அன்று மின்கம்பியில் மோதி இறக்கை முறிந்த ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். அவள் ஊசியை ஏற்றி ரத்தம் எடுத்தாள்.

"ஊசி போட்டாச்சுல்லா, இனி பொழச்சிரும்," என்று அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். அவள் ரத்தக் குப்பியில் தேதியை எழுதி ஐஸ் பெட்டியில் வைத்தாள். இறக்கைக்குக் கட்டுப்போட அவர் மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அது செத்துப்போயிற்று.

"அங்க கொண்டு போனதுதான் தப்பு. ஒங்ககிட்டயே விட்டிருக்கணும்," என்று போனில் அழுதார்.

ரத்தம் நன்றாக இருந்தது. இந்த வேலைக்கு ஒரு பறவை போதும். அதன் மரபணு எழுத்துகள் திரையில் கோடிகோடியாக ஓடிக்கொண்டிருந்தபோது மறுபடி போன் வந்தது.

"மேடம், இன்னொண்ணு விழுந்து கெடக்கு. உசுரு இருக்கு!"

"எங்கிட்ட வேண்டாம். நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

"அந்தத் தப்ப இன்னொருவாட்டி செய்வனா மேடம்?" என்றார் பேச்சிராஜா. ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.