கிழங்கோடு ஒட்டிய பூ

சீசன் வந்தால் குற்றாலத்துக்கு ஊரே திரண்டு வரும். வரட்டும், குளிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? குளித்துவிட்டுப் புல்மேட்டில் ஏறி, தின்று, குடித்து, அங்கேயே கக்கிவிட்டும் போகிறார்களே, அதுதான் பெர்சிஸுக்குப் பொறுக்காது. தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் டீச்சர் அவள். ஜூலையில் இரண்டாம் வருடப் பெண்களைச் செடி பார்க்கக் கூட்டிக்கொண்டு போனபோது மூக்கைப் பொத்திக்கொண்டுதான் மேடேறினாள். ஈ மொய்க்கிற பிரியாணிப் பொட்டலம், உடைந்த பாட்டில், எவளோ பெற்ற பிள்ளையின் டயப்பர். மனுஷ ஜாதியே குப்பை என்று நினைத்தாள்.

அந்த டயப்பருக்குப் பக்கத்தில்தான் பூ இருந்தது. இரண்டு விரல் உயரம், புல் மாதிரி இலை, ஒல்லியாக ஆறு இதழ், கத்தரிப்பூ நிறம். ஒரு பாய் விரிக்கிற இடத்தில் மட்டும் இருபத்துச் சொச்சம் செடி. பதினாறு வருடமாக இந்த மலையைச் சுற்றுகிறாள், கண்டதில்லை. பூரித்துப்போய்ப் படம் எடுத்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாள்: 'ரொம்ப அபூர்வம்!'

செடிக்குப் பெயர் சொல்வதில் கரைகண்டவர், ஓய்வுபெற்ற பேராசிரியர் கௌரிசங்கர். அவள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் போனில் கத்தியேவிட்டார்.

"தொண்ணூறு வருஷமா யாரும் பாக்காததா இருக்கலாம்மா. பூவை வச்சுச் சொல்ல முடியாது. கிழங்குத் தோல்ல வலை பின்னுன மாதிரி நார் இருந்தா அதேதான். ஆனா பிடுங்கிராதீங்க. ஒரே ஒரு செடில மண்ணை பிரஷ்ஷால விலக்கிப் பாத்துட்டு மூடிருங்க."

அடுத்த சனிக்கிழமை பிரஷ்ஷோடு போனாள். டயப்பர் கிடந்த இடத்திலேயே கிடந்தது. பூ ஒன்றுகூட இல்லை. மண் குழி குழியாக இருந்தது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மேட்டடியில் பலாச்சுளை விற்கிற பலவேசத்திடம் போய்ப் பொரிந்தாள்.

"குடிச்சிட்டு வந்து பூவையும் நோண்டிட்டுப் போயிருக்கானுவளே, பாத்தியளா அண்ணாச்சி? வெளங்குவானுவளா?"

"குடிகாரப்பய குனிஞ்சா எந்திரிக்க மாட்டான் டீச்சர், அவனா தோண்டுவான்?" என்றார் அவர். "ஒங்க காலேஜ் பிள்ளையதான் புதங்கிழமை வந்துச்சுவ. ஆளுக்கொரு கரண்டி, நியூஸ்பேப்பர். கிழங்கு அறுந்துராம எடுங்கட்டின்னு சொல்லிச் சொல்லி, அவ்ளோ பதனமா எடுத்துச்சுவ."

அது பெர்சிஸ் போட்ட சட்டம். செடியை உலர்த்தி ஒட்டித் தருகிற ஷீட்டில் மண்ணுக்கடியில் உள்ளதும் இருக்க வேண்டும். கிழங்கு இல்லாவிட்டால் ஸீரோ. அபூர்வமான செடிக்குக் கூடுதலாக ஐந்து மார்க். வருடா வருடம் முதல் வகுப்பிலேயே மேஜையைத் தட்டிச் சொல்லுவாள்.

திங்கட்கிழமை ஷீட்டுகள் வந்தன. எதைப் புரட்டினாலும் அதே பூ, விதை பிடிக்கும் முன்னாலேயே நசுங்கி, பழுப்பேறி. கீழே 'இனங்கண்டவர்' என்ற இடத்தில் அவள் பெயர்.

"கிழங்கை நல்லாக் கழுவித்தான் ஒட்டிருக்கோம் மேடம். நீங்க சொன்னியல்லா?" என்றாள் வேல்விழி, முகமெல்லாம் சிரிப்பாக.

அந்தப் பெண்ணைத் திட்ட வாய் வரவில்லை. லென்ஸை வைத்துப் பார்த்தாள். வலை பின்னிய நார் பளிச்சென்று தெரிந்தது. மேட்டில் வாந்தி எடுத்தவன் எவ்வளவோ மேல், அவன் பூவைப் பூக்கவிட்டான். தன் கையைத் தொடவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்து போய் கௌரிசங்கருக்குப் போன் போட்டாள்.

"அதேதான் சார்."

"அடேயப்பா! எத்தனை செடி நிக்குதும்மா?"

"ஒண்ணும் நிக்கல சார். அத்தனையும் பிள்ளைங்க பிடுங்கி ஒட்டிட்டாங்க. நான் போட்ட மார்க்குக்காக."

காறித் துப்பப்போகிறார் என்று காத்திருந்தாள். துப்பினால்கூடத் தேவலை என்றிருந்தது.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கிழங்கு உடையாத ஷீட்டா எனக்கு ஒண்ணு எடுத்து வைங்கம்மா" என்றார்.