கூட்டு முயற்சிக்குப் பத்து மதிப்பெண்

அறக்கட்டளைகளிடம் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. கண்ணீர், புள்ளிவிவரம், நன்றி மூன்றையும் அளவாகக் கலக்கத் தெரிந்தால் விஸ்கான்சினில் காலம் தள்ளிவிடலாம். நான் எந்த அமைப்பின் ஊழியரும் இல்லை, ஒப்பந்தத்துக்கு எழுதுகிறவள். அதனால் பூனைக் காப்பகத்துக்கும் எழுதினேன், பறவை ஆர்வலர் சங்கத்துக்கும் எழுதினேன். ஒருவருக்கு எழுதுவதை மற்றவரிடம் மூச்சு விடவில்லை.

காப்பகத்தை நடத்தும் வாண்டாவும் சங்கத் தலைவர் ஆர்வில்லும் பேசிப் பதினோரு வருடமாகிறது. ஓய்வுபெற்ற தபால்காரரான ஆர்வில், பூனைகளைத் திட்டி உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார். புதன்தோறும் அது வெளிவரும். வாண்டா அதைக் கத்தரித்துப் பூனைகளின் மணல் தட்டில் விரிப்பாள்.

பிப்ரவரிப் பனியில் காப்பகத்தின் கூரை இடிந்து விழுந்தது. முப்பத்தொரு பூனைகளும் தேவாலயத்தின் நிலவறைக்குக் குடிபோயின. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கே மீன் வறுவல் விருந்து நடப்பதும் அங்கேதான். முதல் வெள்ளியன்று ஊருக்குப் பாதி மீன்தான் மிஞ்சியது. ஈஸ்டருக்குள் கூரை போடாவிட்டால் பூனைகளை மாவட்டப் பட்டிக்கு அனுப்பிவிடுவதாகப் பாதிரியார் சொல்லிவிட்டார். அங்கே போன கிழட்டுப் பூனை திரும்பி வந்ததில்லை. வாண்டாவிடம் இருப்பவை பெரும்பாலும் கிழடுகள். அன்றிரவே விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன்.

அந்த நேரத்தில் விண்ணப்பம் வாங்கியது ஒரே ஒரு அறக்கட்டளைதான். பூனைகளின் கூரைக்கும் பறவை பார்க்கும் குடிலுக்கும் அதனிடமே கேட்டேன். ‘வாயில்லா ஜீவன்களுக்காக நாங்கள் பேசுகிறோம்’ என்பது எனக்கு மிகவும் பிடித்த வரி. பிடித்துப்போய் இரண்டு விண்ணப்பத்திலும் போட்டுத் தொலைத்தேன்.

அறக்கட்டளை அதிகாரி ஆக்டர்பர்க் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். அவரோ பாராட்டினார். இரு அமைப்புகளும் ஒரே வரியை எழுதியிருப்பதால் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்று புரிந்துகொண்டாராம். கூட்டு முயற்சிக்குப் பத்து மதிப்பெண் கூடுதலாம். வியாழக்கிழமை நேரில் வருகிறாராம். மறுத்தால் கூரை போய்விடும். சரி என்றேன்.

அதிகாரி வருகிறார் என்பதை மட்டும் இருவரிடமும் தனித்தனியே சொல்லி நிலவறைக்கு வரவழைத்தேன். உள்ளே வந்த ஆர்வில் வாசலிலேயே நின்றுவிட்டார். அவருடைய பூட்ஸை ஒரு கிழட்டுப் பூனை முகர்ந்துகொண்டிருந்தது.

“இந்த ஆளு இங்க என்ன பண்றாரு?” என்று வாண்டா கேட்பதற்குள் அதிகாரி படியிறங்கி வந்துவிட்டார். அந்த அழகான வரியை எழுதியது யார் என்றுதான் முதலில் கேட்டார். எழுதுகிறவள் பின்னால் மறைந்திருக்க வேண்டும் என்பது எங்கள் தொழில் மரியாதை. அதன்படி வாண்டா தன்னுடையது என்றாள், ஆர்வில்லும் தன்னுடையது என்றார். பிறகு இருவரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

அதிகாரியோ பேனாவைத் திறந்து, கூட்டு முயற்சி என்னவென்று சொல்லச் சொன்னார். நான் விழித்தேன்.

வாண்டா பூனைகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு என் தோளை அழுத்திப் பிடித்தாள், நகம் பதிந்தது.

“இவ ஒரு வாயில்லா ஜீவன் மேடம். இவளுக்காக நாங்கதான் பேசணும். ஆர்வில், நீங்களே சொல்லுங்க.”

பதினோரு வருடமாக யாரும் கேட்காததை ஆர்வில் கடகடவென்று கொட்டினார்: பூனைகளின் கழுத்தில் கொசுவம் வைத்த பளிச்சென்ற துணிப் பட்டை கட்டினால் பறவைகள் தூரத்திலேயே பார்த்துப் பறந்துவிடும். தைத்துத் தருவதாக வாண்டா பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள்.

கூரையும் வந்தது, குடிலும் வந்தது. முப்பத்தொரு பூனைகளும் இப்போது சர்க்கஸ் கோமாளிகள் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் அறக்கட்டளை ஒரு நிபந்தனை போட்டிருந்தது: மூன்று மாதத்துக்கொரு முறை, இரு அமைப்புகளும் சேர்ந்து செயல்பட்டதற்கு எழுத்துபூர்வமான ஆதாரம் அனுப்ப வேண்டும்.

போன புதன்கிழமை ஆர்வில்லின் கடிதம் முதல்முறையாகப் பூனைகளைப் பற்றி இல்லை. இரண்டு பக்கமும் கைநீட்டும் விண்ணப்ப எழுத்தாளர்களைப் பற்றி. என் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. அடியில் ஆர்வில்லோடு வாண்டாவும் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

கத்தரித்து, முதல் அறிக்கையோடு இணைத்து அனுப்பிவிட்டேன்.