ஈயமும் மணிக்கூடும் வேண்டாம்

1

இந்தக் கதையில் நான் நேரில் கண்டது ஒரு மழை நேரத்தை மட்டும்தான். அதையும் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்பது சந்தேகம். 2006, ஆனி மாதம். மட்டக்களப்பு நகரில் அசனாரின் விளையாட்டுப் பொருள் கடையில் மழைக்கு ஒதுங்கினேன். ஆனியில் எங்கள் பக்கம் மழை அருமை. ஒருவேளை வெயிலுக்கு ஒதுங்கியிருப்பேன். மிச்சமெல்லாம் அசனார் பிறகு சொன்னவை. அவர் சொல்லாத இடங்களை நான் இட்டு நிரப்பியிருக்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "கடல் பெற்றோரைக் கொண்டுபோன பிறகு கேதீஸ்வரிக்கு மிஞ்சியது அறுபத்து நான்கு கட்டங்கள்தான், அவற்றின் நடுவே அவள்..."

நிறுத்திவிட்டேன். (அழகாக வந்துகொண்டிருந்தது. அதுதான் காரணம்.)

நடந்தது இதைவிடச் சாதாரணம். கதிரவெளியில் சுனாமி தாயையும் தகப்பனையும் கொண்டுபோனது. அண்ணன் உதயரூபனும் தங்கை கேதீஸ்வரியும் பனிச்சங்கேணியில் மாமி வீட்டில் ஒதுங்கினார்கள். அதற்கு முன் சுனாமி முகாமில் யாரோ கொடுத்த மட்டைப் பலகையில் அவள் செஸ் பழகியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளை வெல்ல ஆளில்லை. மாவட்டப் போட்டியில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தால் கொழும்பில் விடுதியும் பயிற்சியும் கிடைக்கும்.

உதயரூபனுக்கு வேண்டியது அந்த விடுதிதான். அந்தப் பக்கம் இயக்கம் சண்டைக்கென்று வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தது. சுனாமியில் ஒரு கை முறிந்து கோணலாகப் பொருந்தியிருந்ததால் அவனை வேண்டாமென்று விட்டிருந்தார்கள். அந்த வீட்டில் மிஞ்சியது அவள்.

3

அசனார் உதயரூபன் முன் இரண்டு செஸ் பெட்டிகளைத் திறந்து வைத்தார்.

"போட்டிக்கெண்டா இதுதான் மகன். ராஜாவத் தூக்கிப் பாருங்க."

நல்ல கையால் தூக்கினான். அடியில் ஈயம் வார்த்திருந்தது.

"பாரமாக் கிடக்கு, காக்கா." (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.)

"பாரந்தான் வேணும். மண்டபத்துல ஃபேன் சுத்தும், லேசான காய் சாஞ்சிரும். பளபளப்பும் கூடா, வெளிச்சம் கண்ணுல அடிக்கும். ராஜாட அடி கட்டத்துல முக்கால்வாசி நிறையணும். பாத்தீங்களா, அளவு எடுத்துத் தச்ச மாதிரி."

பிறகு மணிக்கூட்டை, ஆட்ட நேரம் காட்டும் கடிகாரத்தை, எடுத்தார். ஒரே மரப்பெட்டியில் இரண்டு முகங்கள், மேலே இரண்டு பொத்தான்கள். சாவி கொடுத்து ஒன்றை அமுக்கினார். மற்றப் பக்கம் ஓடத் தொடங்கியது. கடைக்குள் அந்த டிக் டிக் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"காய வச்ச கையாலேயே இத அமுக்கணும். மறந்தா எதிராளிட நேரம் ஓடாது, உங்கட தங்கச்சிட நேரந்தான் ஓடும்."

உதயரூபன் மணிக்கூட்டைத் தூக்கி அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நானும் அசனாரும் காத்திருந்தோம்.

"சென்றியில ஆமிக்காரன் இதக் கண்டா என்ன நினைப்பான், காக்கா?"

அசனார் மணிக்கூட்டைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வயர் ஒண்டுதான் குறை" என்றார்.

"ஈயத்தக் கண்டா ஒவ்வொரு காயா உடைப்பான். மணிக்கூட்டக் கண்டா என்னை உடைப்பான்."

"அதுவுஞ் சரிதான்." மற்றப் பெட்டியை நகர்த்தினார். "அப்ப இந்த லேசானதக் கொண்டு போங்க, சுருட்டுற போர்டு. மணிக்கூடு இஞ்ச கிடக்கட்டும். போட்டிக்கு ரெண்டு நாள் முந்திப் புள்ளையக் கூட்டிவாங்க, இந்த மேசையில வச்சுப் பழகட்டும். மறுகா என்ன, வாறீங்களா?"

"ஓம் காக்கா. வாறம்."

4

இந்த இடத்தில் அவன் கையில் மணிக்கூட்டைக் கொடுத்து ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "செஸ்?" என்று சிரித்துத் திருப்பிக் கொடுக்கிறான். அப்படியொரு சிப்பாய் இருந்திருக்கலாம். ஆனால் அவன் இருப்பான் என்று நம்பித் தன் உடம்பைப் பணயம் வைக்க உதயரூபனுக்கு நான் எப்படிச் சொல்வது?

இன்னொரு பிரதியில் அவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், கேதீஸ்வரி போட்டிக்கே போகவில்லை. அதையும் வைத்துக்கொள்ளவில்லை.

அவன் லேசான பெட்டியோடுதான் போனான். சாவடியில் ஒரு கேள்வியும் இல்லை. பனிச்சங்கேணிக் காற்றில் காய்கள் நிற்காததால் அவற்றின் பொள்ளலான அடிக்குள் ஆற்றுச் சேற்றை அடைத்துக் காயவைத்தான்.*

* இதை அசனார் சொல்லவில்லை. ஆனால் அவன் செய்திருப்பான்.

5

போட்டிக்கு இரண்டு நாள் முந்தி வெளிக்கிட்டார்கள். இராணுவம் பாதையைப் பூட்டியிருந்தது. மறுநாளும் பூட்டியிருந்தது. போட்டியன்று விடியத்தான் திறந்தார்கள். மேசையில் வைத்துப் பழக நேரமில்லை. பஸ்ஸில் உதயரூபன், "காய வை, அமுக்கு. வை, அமுக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். "நீ செல்லிச் செல்லியே எனக்கு மறக்கப்போகுது" என்றாள் கேதீஸ்வரி.

முதல் ஆட்டங்களில் மறக்கவில்லை. கடைசி ஆட்டம் நகரத்துப் பிள்ளை கம்சாயினியோடு. வென்றவள் ஐந்துக்குள் வருவாள். உதயரூபன் யன்னலில் நின்று பார்த்தான். கேதீஸ்வரி குதிரையை வைத்தாள். நல்ல இடம். இனி எதிராளிக்குத் தப்ப வழியில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பலகையையே பார்த்திருந்தாள்.

அவள் பக்கத்து முள் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியிலிருந்து யாராவது வாய் திறந்தால் ஆட்டம் போய்விடும் என்று காலையில் நடுவர் சொல்லியிருந்தார். அவன் யன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றான். கம்சாயினி மணிக்கூட்டைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், பேசவில்லை. பேசவேண்டும் என்று விதியில்லை. (அவளை வெறுத்து ஒரு பந்தி எழுதினேன். அவள் வீட்டிலும் யாரையாவது கேட்டிருந்தார்களா என்பது எனக்குத் தெரியாது. எடுத்துவிட்டேன்.)

அவள் நேரம் முடிந்து, மணிக்கூட்டு முகத்தில் சிவப்புக் கொடி விழுந்தது.

வெளியே வந்து, "அண்ணா, நான் வெண்டுதானே இருந்தன்?" என்றாள்.

"ஓம் புள்ள."

"மறுகா ஏன் தோத்தன்?"

அவன் என்ன சொன்னான் என்பதை நான் நிரப்பவில்லை.

6

இப்படிப்பட்ட கதைகளில் முடிவை வாசிப்பவரிடம் கொடுத்துவிடலாம். கொடுத்தால் நீங்கள் அந்தப் பொத்தானை அமுக்கிவிடுவீர்கள். நானும் பலமுறை அமுக்கிப் பார்த்தவன். ஆகவே கொடுக்கவில்லை.

அந்த மாரிக்கு முன்பு கேதீஸ்வரியை இயக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். கிழக்கு இராணுவத்திடம் விழுந்தபோது வன்னிக்கு நடந்தவர்களில் அவளும் ஒருத்தி. யுத்தம் முடிந்த 2009 வைகாசிக்குப் பிறகு அவளைக் கண்டவர் இல்லை. கம்சாயினி கொழும்பில் படித்து, இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் தாதி. அசனார் இருதய வருத்தத்தில் மௌத்தாகிவிட்டார். கடையில் அவருடைய மகள் பள்ளிக்கூடப் பைகள் விற்கிறாள். உதயரூபன் பனிச்சங்கேணியில் இறால் பிடிக்கிறான். மாமி அவனோடு இருக்கிறார். அவன் கலியாணம் கட்டவில்லை.